குழந்தை இல்லாமல் டாக்டரிடம் போனவன்

தில்லி மயூர் விஹாரில் நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருந்தபோது, எதிர்ப் பூங்காவின் பெஞ்சில் ஒருவன் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்து எங்கள் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் போன் இல்லை, கடலைப் பொட்டலம் இல்லை. நான் பால்கனியில் துணி உலர்த்தப் போனாலும் பார்வையைத் திருப்ப மாட்டான். "ஆள் நோட்டம் விடறான், போலீஸ்ல சொல்லுங்க" என்று கணவரைப் பிய்த்து எடுத்தேன். அவர் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். அந்த வாரக் கடைசியில் அதே ஆள் ஒரு பெட்டியும் ஒரு ஸ்டவ்வுமாகப் படியேறி வந்து, எங்கள் தலைக்கு மேலே இருந்த மொட்டைமாடி அறையில் குடிபுகுந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. வீடு பிடிக்கதுக்கு முந்தி கொஞ்சம் பாக்கணும்லா" என்றான். சுத்தமான திருநெல்வேலிப் பேச்சு. "தொட்டி ரொம்பி வழியுதா, மேலேருந்து யாரும் குப்பையைக் கொட்டுதாங்களான்னு பாத்தேன். தொட்டி ரொம்புன ஒடனே நீங்க ஓடிப்போயி மோட்டாரை அமத்துதீங்க. அதைப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன்."

திட்டுவதற்காக வாசலுக்கு வந்த நான், உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். அன்றிலிருந்து எனக்கு அவன் தம்பி. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் என் போனை எடுக்க மாட்டான்.

லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. அங்கே என்ன செய்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் உண்மையில் செய்த வேலை ஒன்றுதான். உட்கார்ந்து பார்ப்பது. எதையும் யார் சொல்லியும் ஏற்றுக்கொள்ள மாட்டான். விளம்பரம், பெயர், சிபாரிசு எதற்கும் அவனிடம் மரியாதை கிடையாது. கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அவனோடு போவதைப் போன்ற தண்டனை வேறில்லை. காப்பிப்பொடி வாங்க வேண்டும் என்றால் கடைக்குள் நுழைய மாட்டான். எதிரே நின்றுகொள்வான். பொடி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நடக்கிறார்களா, நின்று யோசிக்கிறார்களா என்று கவனிப்பான். "உள்ள போறவங்க மூஞ்சியில ஒண்ணும் தெரியாது அக்கா. வெளிய வாரவங்க மூஞ்சியத்தான் பாக்கணும்" என்பான். அதற்குள் நான் பொடி, அப்பளம், பெருங்காயம் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். அவன் என் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் போவான்.

கல்யாண விஷயத்திலும் இதே கூத்துதான். பாளையங்கோட்டைப் பக்கம் பெண் பார்க்கப் போனவன், பெண்ணையும் பார்த்து, பஜ்ஜியையும் தின்றுவிட்டு, "இவங்க வீட்டு ஆளுங்க சண்டை போடும்போது ஒரு தடவை பாக்கணும். அப்புறமா முடிவு சொல்லுதேன்" என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லியிருக்கிறான். அந்த வீட்டில் உடனே சண்டை வந்துவிட்டது என்று கேள்வி. அவனுடைய அம்மா போனில் போட்ட சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். "நீ பாத்துக்கிட்டே இருலே! ஊர்ல உள்ள பொம்பளப் பிள்ளையெல்லாம் கிழவி ஆயிருவாளுவ!" பிற்பாடு கவுஹாத்திக்கு மாற்றலாகிப் போன இடத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்தான் இவனை நாலு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொன்னாளாம். அவளுக்கு என் நமஸ்காரம்.

இப்படிப்பட்டவனிடம் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய வேலையை ஒப்படைத்தேன். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு டாக்டர் பார்க்கச் சொன்னேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவன் மாடிக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, சில வாரங்களிலேயே போய்விட்டது. "பால் சரியா இழுக்க மாட்டேங்கறா, அழுகை மாறியிருக்கு" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிபாரிசு செய்த பெரிய டாக்டர் அவர். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்து, முதல் பிள்ளைக்காரிகள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். என் கணவரும் மரியாதைக்குச் சிரித்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இரண்டாவது முறை உண்டானபோது கணவரின் அலுவலகத்தில் ஆளுக்கொரு பெரிய பெயர் சொன்னார்கள். எனக்குப் பெயரே வேண்டியிருக்கவில்லை. "அம்மா சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கற டாக்டர் வேணும். அது யாருன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் தம்பியிடம் கேட்டேன். அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "போய் உக்காந்து பாத்தாத்தானே தெரியும்" என்றான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவன் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் உட்கார ஆரம்பித்தான். கைக்குழந்தைகளும் அம்மாக்களும் பால் புட்டிகளும் நிறைந்த அறையில், மீசை வைத்த ஒரு தனி ஆண்பிள்ளை. யாராவது கேட்டால் மனைவி வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லத் தெரியாதா? தெரியாது. அவனுக்குப் பொய் வராது.

முதலில் போனது கணவரின் அதிகாரி பரிந்துரைத்த இடம். ஏ.சி., மீன் தொட்டி, தொடக்கூடாத பொம்மைகள். சாயங்காலம் வந்து அறிக்கை கொடுத்தான்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்? பெரிய பேராச்சே."

"வெளிய வார அம்மாமாருங்க எல்லாம் நேரா கம்பவுண்டர்கிட்ட போறாங்க. டாக்டர் என்ன சொன்னாரு, இந்த மருந்து எதுக்குன்னு அந்த ஆளுகிட்ட கேக்காங்க. அப்ப உள்ள என்னதான் கேட்டாங்க? கேக்க விட்டிருக்க மாட்டாரு."

என் கணவர் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டார். நான் மோர்க்குழம்பைக் கிளறிக்கொண்டே மனதுக்குள் அந்த மீன் தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன். இன்னொருவரை ஒரே வரியில் தள்ளினான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மருந்துப் பையோடு வெளியே வருகின்றன என்றான். அப்புறம் ஓர் இடத்துக்குத் தொடர்ந்து போக ஆரம்பித்தான். எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு பெண் டாக்டரின் சின்ன கிளினிக். கேட்டால் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பதோடு சரி.

ஒரு சனிக்கிழமை பகலில் போன் வந்தது.

"அக்கா, கோவப்படாதீங்க. கொஞ்சம் கிளம்பி வாங்க. இங்க என்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"யாரு? போலீஸா?"

"இல்ல. பிள்ளைகளோட அம்மாமாருங்க."

அந்தச் சமயத்தில் தில்லி முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. சனிக்கிழமைதோறும் வந்து மூலையில் உட்கார்ந்து குழந்தைகளையே உற்றுப் பார்க்கும் இவனை ஓர் அம்மா கவனித்துவிட்டாள். "பச்சா கஹான் ஹை?" உன் குழந்தை எங்கே என்று கேட்டிருக்கிறாள். இந்த அரிச்சந்திரன், "அபீ நஹீ ஹை. சிர்ஃப் தேக்னே ஆயா" என்று சொல்லியிருக்கிறான். இப்போதைக்குக் குழந்தை இல்லை, சும்மா பார்க்க வந்தேன்! அடி விழாதது அவனுடைய அம்மா செய்த புண்ணியம். காவலாளியைக் கூப்பிட்டுக் கீழே கதவைப் பூட்டிவிட்டார்கள்.

கணவர் அலுவலகத்தில். நான் எட்டாவது மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு இ-ரிக்‌ஷாவில் ஏறினேன். பள்ளத்துக்குப் பள்ளம் "பையா, தீரே", மெதுவா அண்ணா, என்று கத்திக்கொண்டே போனேன். காவலாளி என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி உள்ளே நுழைந்தால், தம்பி மூலையில் நிற்கிறான். சுற்றிலும் இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள். ஒருத்தி அவனுடைய சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்தாள்.

என் ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் எப்போதும் அடிதடிதான். அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து, "யே ஹை பச்சா! இஸ்கே லியே டாக்டர் தேக் ரஹா ஹை!" என்று கத்தினேன். இதுதான் குழந்தை, இதற்குத்தான் டாக்டர் பார்க்கிறான்!

காலரைப் பிடித்திருந்தவள் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, தம்பிக்கு யாரோ ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். காலரைப் பிடித்தவள் அதை நீவி விட்டு, "அச்சா பாயீ ஹை", நல்ல தம்பி என்று என்னிடம் சான்றிதழ் வேறு கொடுத்தாள்.

இந்த அமளியில் டாக்டர் வெளியே வந்துவிட்டார். நரைத்த பாப் தலை, சுருங்கிய பருத்திச் சேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். பேச்சு ஹிந்தியில்தான் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

"இத்தனை வாரம் என்ன பார்த்தாய்?" என்று தம்பியைக் கேட்டார்.

"போன் அடித்தால் உங்கள் ரிசப்ஷனில் எடுப்பதில்லை" என்றான். நான் அவன் காலை மிதித்தேன். டாக்டர் வெளியே பார்த்து, "கேட்டாயா?" என்று ஒரு சத்தம் போட்டார். அவன் மேலே சொன்னான். "சில அம்மாக்களை வெளியே அனுப்பி, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வரச் சொல்கிறீர்கள். சிலரை உடனே அனுப்பிவிடுகிறீர்கள். சிலர் வெகு நேரம் உள்ளேயே இருக்கிறார்கள். வெளியே வந்த பிறகு ஒருவரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏன் இவ்வளவு சோதனை பண்ணித் தேட வேண்டியிருக்கிறது?"

நான் முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் செய்வது போல அவர் உச்சுக் கொட்டவில்லை. விதி என்று சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அழுகை மாறியது என்றாயே, எப்படி மாறியது?" என்று கேட்டார்.

அதுவரை என்னிடம் அதை யாருமே கேட்டதில்லை. அந்தப் பெரிய டாக்டர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. என் கணவர்கூடக் கேட்டதில்லை. வார்த்தையில் சொல்ல வராமல், நான் அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டினேன். தொண்டைக்குள்ளேயே நின்றுபோகும் ஒரு முனகல். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. அந்த அறையில் என் குழந்தை ஒரு தடவை அழுதது.

"நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்" என்றார் டாக்டர்.

நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். தம்பி எப்போது எழுந்து வெளியே போனான் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது இ-ரிக்‌ஷாவில், "இன்னும் ஒரு சனிக்கிழமை பாத்துருவோம் அக்கா. அவசரம் வேண்டாம்" என்றான்.

"முடிவாயிடுச்சு. நீ வாயை மூடிட்டு வா" என்றேன்.

டாக்டரைத் தேடும் வேலையை அவனிடம் கொடுத்தது நான். முடிவு என்னுடையது. அன்று சாயங்காலம் கணவரிடமும் அதைச் சொன்னேன். அவர் "பார்க்கலாம்" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

பனிக்காலத்தில் பையன் பிறந்தான். ஒரு மாதம் வரை குறைவில்லை. அப்புறம் குடித்த பாலை வெளியே தள்ள ஆரம்பித்தான். பிள்ளைகள் கக்குவது எனக்குத் தெரியாதா? இது கக்குவது இல்லை. பீய்ச்சி அடித்தது. என் தோளைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. அடித்து முடித்த உடனே மறுபடியும் பசிக்கு வாயைத் திறந்தான். இரண்டு நாளில் தொடைச் சதை தளர்ந்துவிட்டது. "பிள்ளைன்னா கக்கத்தான் செய்யும். நீ அதிகமா குடுத்துடறேன்னு நினைக்கறேன்" என்றார் கணவர். அவருடைய அலுவலக நண்பர்களும் அதையே சொன்னார்களாம். முன்பும் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை.

தம்பி காலையில் பால் பாக்கெட் கொடுக்க இறங்கி வந்தவன், பையன் வாந்தி எடுத்ததைப் பார்த்தான். அவன் உட்காரவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "நீங்க சொல்லுததுதான் அக்கா சரி. கெளம்புங்க" என்றான். நான் அவனை அறிந்த காலத்தில் ஒரே பார்வையில் அவன் முடிவு சொன்னது அது ஒன்றுதான்.

கிளினிக்கில் ரிசப்ஷன் பெண், முன்பதிவு இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றாள். பழைய நானாக இருந்தால் திரும்பியிருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்றேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுந்தார்.

"இங்கேயே பால் கொடு" என்றார். பையனின் சட்டையைக் கழற்றி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவன் வயிற்றையே பார்த்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. போன் அடித்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. அவன் குடிக்கக் குடிக்க, மேல் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று இடமிருந்து வலமாக உருண்டு போனது. எனக்கே தெரிந்தது. டாக்டர் விரலால் அழுத்தித் தடவி, என் விரலையும் எடுத்து அங்கே வைத்தார். கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்துக்கொண்டிருக்கிறது, பால் கீழே இறங்க வழியில்லை, அதனால்தான் இப்படி என்று விளக்கினார். ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டு சின்ன ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். தானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இடம் ஏற்பாடு செய்தார். மெட்ரோவிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்த என் கணவரிடம், "இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிள்ளை வற்றிப்போயிருக்கும். உங்கள் மனைவி பார்த்துவிட்டார்" என்றார். என் கணவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அப்புறம் அவர் பிள்ளை விஷயத்தில் "பார்க்கலாம்" என்று சொன்னதே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பாருங்கள், உள்ளே நின்றுவிட்டால் பயமில்லை என்றாள். வார்டில் இன்னும் பல பிள்ளைகள், அவர்களுடைய சொந்தக்காரர்கள். நான் பையனை மடியில் போட்டுக்கொண்டேன். கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

பையன் குடித்தான். நான் அவனை மெதுவாகத் தோளில் போட்டேன். இனிமேல்தான் தெரிய வேண்டும். நிமிர்ந்து பார்த்தால், தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான். காப்பிப்பொடிக்கு அரை மணி நேரம் பார்ப்பவன், பெண் வீட்டுச் சண்டையைப் பார்க்க வேண்டும் என்றவன், சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணைக்கு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.

"தம்பி?"

"நீங்க பாருங்க அக்கா. என்னால முடியாது."

அதனால் நான் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன், வாய் ஓரத்தைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மருந்து கொடுத்து முடித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. பையன் என் காதுக்குப் பக்கத்தில் பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, கையை விரித்துப்போட்டுத் தூங்கிவிட்டான்.

"நின்னுடுச்சு!" என்று கத்தினேன். "தம்பி, திரும்பிப் பாரு! பால் உள்ளயே நின்னுடுச்சு!"

வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர், மெதுவா, மெதுவா என்று ஜாடை காட்டினார். நான் இன்னொரு தடவை, முன்னைவிட உரக்கச் சொன்னேன்.